திரும்பிப் போவீர்களா?

கோடை மலருக்காக ஒரு பத்திரிகையிலிருந்து ஃபோன். "சார், உலகத்துல உங்களுக்குப் பிடிச்ச அஞ்சு இடம், பிடிக்காத அஞ்சு இடம். ஒவ்வொண்ணுக்கும் நாலு வரி போதும். கூடவே அங்க நீங்க நிக்கிற மாதிரி ஒரு போட்டோ இருந்தா பிரமாதம்." பேசிய பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். மரியாதையான குரல். எனக்கு முன்னால் ஒரு நடிகரிடம் கேட்டிருந்தார்களாம். அவருக்கு சுவிட்சர்லாந்து பிடிக்குமாம், பாரிஸ் பிடிக்காதாம். கூட்டம் அதிகமாம். பாரிஸ் இதைக் கேட்டு இரண்டு நாள் சாப்பிட்டிருக்காது.

ஃபோனை வைத்த பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நமக்குப் பிடித்த ஊரைப் பற்றி ஆயிரம் பட்டியல் இருக்கிறது. ஊருக்குப் பிடித்த ஆள் யார் என்று யாராவது ஊரைக் கேட்டதுண்டா? கேட்கவே வேண்டாம். அது எழுத்து மூலமாகவே கொடுக்கிறது. என்னிடம் ஒன்று இருக்கிறது. முத்திரை குத்தி, பிளாஸ்டிக் உறையில் வைத்து, கூரியரில் வந்தது. அந்தக் கூரியருக்கும் நான்தான் பணம் கட்டினேன்.

ஒரு ஐரோப்பிய நாடு. பெயர் வேண்டாம், அங்கே எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், அவராவது நிம்மதியாக இருக்கட்டும். தமிழ்க் கூட்டம் ஒன்றில் அரை மணி நேரம் பேச அழைத்திருந்தார்கள். அந்த அரை மணி நேரத்துக்காக நான் திரட்டிய காகிதங்களை அடுக்கினால் ஒரு தீபாவளி மலர் தேறும். மூன்று வருட வருமான வரிக் கணக்கு. ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. விசா கிடைக்காமலேயே எடுத்த போக வர டிக்கெட். தூங்குமுன்னே உறுதியான படுக்கை. வீட்டுப் பத்திரத்தின் நகல். வீடு என் பெயரில் இல்லை என்பதால் மனைவியின் சம்மதக் கடிதம். முப்பது வருடத்தில் அவர் எனக்கு எழுத்தில் தந்த ஒரே சம்மதம் அதுதான். அப்புறம் போட்டோ: 35 மில்லிமீட்டருக்கு 45, வெள்ளைப் பின்னணி, சிரிக்கக் கூடாது. ஸ்டூடியோக்காரர், "சார், லேசா வருது, அடக்குங்க" என்று மூன்று தடவை எடுத்தார். அவருக்குத் தெரியாது, இந்தத் தொழிலில் சிரிப்பு தானாகவே அடங்கிவிடும்.

"பேலன்ஸ் காட்டணும்" என்றார் டிராவல்ஸ்காரர். மச்சினன் நாலு லட்சம் போட்டார். அந்த நாலு லட்சம் என் கணக்கில் மூன்று மாதம் விருந்தாளியாக இருந்துவிட்டு, சொன்ன தேதியில், ஒரு பைசா குறையாமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போனது. அதற்கு இருந்த ஒழுக்கம் எனக்கு இருக்குமா என்பதில்தான் தூதரகத்துக்குச் சந்தேகம். மறுப்புக் கடிதம் என்பது கடிதம்கூட இல்லை, அச்சடித்த தாள். காரணங்கள் வரிசையாக இருக்கும், நமக்குரியதில் ஒரு டிக். எனக்கு விழுந்த டிக்கின் சாரம் இது: விசா காலம் முடிவதற்குள் நீங்கள் வெளியேறுவீர்கள் என்பதில் எங்களுக்கு நியாயமான சந்தேகம் இருக்கிறது.

கட்டணம் திரும்பி வராது. 2024 ஜூனில்தான் அதை 80 யூரோவிலிருந்து 90 ஆக்கினார்கள். கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் ரூபாய். ஓட்டலில் தோசை இல்லையென்றால் காசு வாங்க மாட்டான். கருகிப்போனால்கூட வேறு சுட்டுத் தருவான். உனக்குத் தோசை கிடையாது, நீ தின்றுவிட்டு எழுந்து போவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, ஆகவே பில்லைக் கட்டு என்று சொல்கிற ஒரே கல்லாப்பெட்டி இதுதான். இலக்கியத்தில் இதற்கு ஈடாக எதையும் நான் படித்ததில்லை.

கோபத்தில் இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். மூன்றாம் நாள் எழுந்து வரலாற்றுப் புத்தகத்தை எடுத்தேன்.

1639 ஆகஸ்ட் 22-ஆம் தேதி பிரான்சிஸ் டே என்பவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் கடற்கரையோரமாகக் கொஞ்சம் இடம் வாங்கினார். வியாபாரத்துக்கு. நாயக்கர் பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கவில்லை. திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறதா என்று கேட்கவில்லை. உமக்கு ஊரில் குடும்பம் உண்டா, சொத்து உண்டா, எந்தக் கயிறு உம்மை இழுத்துக்கொண்டு போகும் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அவர்கள் கிளம்பியது 1947 ஆகஸ்ட் 15. முந்நூற்றெட்டு வருடத்துக்கு ஒரு வாரம் குறைவு. உலகத்தில் இன்றைக்கு வரை விசா காலம் கடந்து தங்கிய ஆட்களில் இந்த சாதனையை யாரும் நெருங்கவில்லை. அந்தப் பரம்பரையும் அவர்களுடைய ஐரோப்பியப் பங்காளிகளும்தான் என்னைப் பார்த்து, "திரும்பிப் போவீர்களா?" என்கிறார்கள். அனுபவசாலிகள். விருந்தாளி திரும்பிப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பது அவர்களைவிட வேறு யாருக்குத் தெரியும்?

ராபர்ட் கிளைவ் 1744-ல் சென்னையில் இறங்கியபோது குமாஸ்தா. பையில் என்ன இருந்தது என்பதைவிட, ஊர் திரும்பும்போது என்ன இருந்தது என்பது முக்கியம். அதைப் பற்றி இங்கிலாந்து நாடாளுமன்றமே விசாரித்தது. எலிஹு யேல் இன்னும் அழகு. 1672-ல் அவரும் குமாஸ்தாவாகத்தான் வந்தார். 1687-ல் கோட்டைக்கே கவர்னர். சொந்தப் பெட்டியை ரொம்பவும் நிரப்பிக்கொண்டார் என்று 1692-ல் கம்பெனியே பதவியைப் பிடுங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி ஒருவனைப் பார்த்து "பேராசைக்காரன்" என்று முகம் சுளிக்க வேண்டுமானால் அவன் எவ்வளவு உழைத்திருக்க வேண்டும்! பிறகு அவர் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கு அனுப்பினார். விற்றதில் 562 பவுன் தேறியது. நன்றிக்கு 1718-ல் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். இன்றைக்கு மயிலாப்பூர்ப் பையன் ஒருவன் யேலில் படிக்கப் போக வேண்டுமானால், தன்னிடம் போதுமான பணம் இருக்கிறது என்று அதிகாரியிடம் நிரூபிக்க வேண்டும். ஐயா, பணம் அங்கேதான் இருக்கிறது, நீங்கள் கட்டடத்துக்குப் போட்டிருக்கிற பெயரைப் பாருங்கள் என்று அந்தப் பையன் சொல்லக் கூடாது. சிரிக்கவும் கூடாது.

அமெரிக்கச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு. விசா கேட்டு வருகிறவன் நிரந்தரமாகத் தங்க வந்தவன் என்றே கொள்ளவேண்டும், இல்லையென்று நிரூபிப்பது அவன் பொறுப்பு. கொலை வழக்கில் பிடிபட்டவனுக்கு நேர் எதிரான மரியாதை. நம் ஆட்கள் இதைப் படித்துவிட்டுப் போராடினார்களா? ஹைதராபாத் பக்கம் சிலுக்கூருக்குப் போனார்கள். அங்கே விசா பாலாஜி. வேண்டுதலுக்குப் பதினோரு சுற்று, விசா கிடைத்தால் நூற்றெட்டு. பகவானும் கட்டணத்தைத் திருப்பித் தருவதில்லை என்றாலும், குறைந்தபட்சம் வெற்றி பெற்றவனிடம்தான் மீதி வசூல் செய்கிறார்.

ஐரோப்பிய விசாவுக்கு வைத்திருக்கிற ஷெங்கன் என்ற பெயரைக் கேட்டாலே சென்னையில் பலருக்கு ரத்த அழுத்தம் ஏறும். அது லக்சம்பர்க்கில் மோசெல் நதிக்கரையில் இருக்கிற குட்டிக் கிராமம். திராட்சைத் தோட்டங்கள், ஒயின், ஆற்றங்கரை. 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாட்டுப் பிரதிநிதிகள் அங்கே ஒரு படகில் உட்கார்ந்து, இனி நமக்குள் எல்லை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. வீட்டுக்குள் இருந்த தடுப்புச் சுவரையெல்லாம் இடித்து எடுத்த செங்கல் வீணாகவில்லை. வாசல் சுவரை உயர்த்திக்கொண்டார்கள்.

இதெல்லாம் ஏதோ நேற்று முளைத்த எரிச்சல் என்று நினைத்தால், 1914-ஐப் பார்க்க வேண்டும். அந்தக் கதையைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் இந்தத் தொழிலின் மூலமந்திரம் இருக்கிறது.

அன்றைக்கு இந்தியாவும் கனடாவும் ஒரே ராஜாவின் பிரஜைகள். ஒரே ராஜா, ஒரே கொடி. ஆகவே இந்தியன் கனடாவுக்குள் வரக் கூடாது என்று வெளிப்படையாக எழுத முடியாது, அநாகரிகம். நாகரிகமானவர்கள் என்ன செய்தார்கள்? 1908-ல் ஒரு விதி போட்டார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், ஆனால் சொந்த நாட்டில் ஏறி, இடையில் எங்கும் மாறாமல், ஒரே பயணச்சீட்டில் வர வேண்டும். பாரபட்சமே கிடையாது. இந்தியாவிலிருந்து கனடாவுக்கு அப்படி ஒரே சீட்டில் போக வழியில்லை என்பது மட்டும்தான் சின்னச் சிக்கல். அதோடு ஆசியாக்காரன் கையில் 200 டாலர் இருக்க வேண்டும். என் மச்சினன் போட்ட நாலு லட்சத்துக்கு அந்த 200 டாலர்தான் கொள்ளுத் தாத்தா.

குர்தித் சிங் என்பவர் ஜப்பான் கப்பல் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். கோமகட்டா மாரு. 376 பயணிகள், பெரும்பாலும் சீக்கியர்கள். 1914 மே 23-ல் வான்கூவர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கரையில் இறங்க விடவில்லை. இரண்டு மாதம். தண்ணீருக்கும் சோற்றுக்கும் தாளம். ஏற்கெனவே அங்கே குடியிருந்தவர்கள் என்று இருபது பேர் சொச்சத்தை மட்டும் இறக்கிக்கொண்டு, ஜூலை 23-ல் ஒரு போர்க்கப்பலைக் காவலுக்கு அனுப்பித் திருப்பிவிட்டார்கள். அதற்கு முந்தைய வருடம், 1913-ல், அதே கனடா 4 லட்சம் பேரைக் குடியேற வரவேற்றிருந்தது. 4 லட்சத்துக்கு இருந்த இடம் அந்த முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு இல்லை. சரி, திரும்பி வந்தவர்களை சொந்த ஊராவது வரவேற்றதா? செப்டம்பர் 29-ல் கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ் பட்ஜில் இறங்கியவர்களைப் பிரிட்டிஷ் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் இருபது பேர் அளவில். ஒரே பயணத்தில் இரண்டு நாட்டுக்கும் பிடிக்காத ஆளாக இருக்கிற பெருமை எல்லோருக்கும் வாய்க்காது. 2016-ல் கனடாப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நூற்றிரண்டு வருடம் கழித்து. மன்னிப்புக்கும் பிராசஸிங் டைம் உண்டு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். திரும்பிப் போகிற எண்ணம் இல்லாதவர்களை இந்த நாடுகள் வெறுக்கின்றன என்று நினைக்காதீர்கள். அவதூறு. திரும்பிப் போகாமலிருக்கக் கட்டணம் கட்டினால் போதும். செயின்ட் கிட்ஸ் 1984-லிருந்தே குடியுரிமையை விற்கிறது. மால்டாவும் விற்றது; 2025 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் தலையிட்டு, இது என்ன சந்தைக்கடையா என்று கேட்ட பிறகுதான் ஷட்டரை இறக்கினார்கள். அமெரிக்கா 2025 செப்டம்பரில் 10 லட்சம் டாலருக்குத் தங்க அட்டை அறிவித்தது. எங்கள் 9,000 கோடி பாக்கி என்று வங்கிகள் நீதிமன்றத்துக்கு ஓடிக்கொண்டிருந்தபோது, 2016 மார்ச் 2-ல் விஜய் மல்லையா லண்டனுக்குப் போனார். போனவர் போனவர்தான். பஞ்சாப் நேஷனல் பேங்க் வழக்கில் தேடப்பட்ட மெகுல் சோக்சி, வழக்கு வெளியே வருவதற்கு முந்தைய வருடமே ஆன்டிகுவா பாஸ்போர்ட்டை வாங்கி மடியில் வைத்திருந்தார். இவர்களிடம் "திரும்பிப் போவீர்களா?" என்ற கட்டத்தில் டிக் போட்ட அதிகாரி யாராவது உண்டா? அரை மணி நேரம் சங்க இலக்கியம் பேசப் போகிறவனிடம்தான் அவர்களுடைய பேனாவில் மை ஊறுகிறது.

வெள்ளைக்காரனைத் திட்டுவது சுகமானது, எனக்கும் பழக்கம்தான். ஆனால் நம் வீட்டு வாசலிலும் ஒரு கட்டம் போட்ட தாள் இருக்கிறது.

2024 ஜனவரி நினைவிருக்கிறதா? பிரதமர் லட்சத்தீவில் எடுத்துக்கொண்ட படங்கள் வந்தன. மாலத்தீவின் துணை அமைச்சர்கள் சிலர் வாய்க்கொழுப்பாக எழுதினார்கள். ஒரே ராத்திரியில் தேசமே மாலத்தீவை "பிடிக்காத இடம்" ஆக்கியது. போர்டிங் பாஸைக் கிழித்துப் போட்டவனெல்லாம் வீரன். எல்லோரும் லட்சத்தீவுக்குப் போங்கள் என்றார்கள். நல்லது. பிடிக்காத மாலத்தீவில் இந்தியன் போய் இறங்கினால் முப்பது நாள் விசா இலவசமாகக் குத்தித் தருவார்கள். பிடித்த லட்சத்தீவுக்கு, சொந்த நாட்டுத் தீவுக்கு, இந்தியன் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். அந்தத் தீவுக்காரர்களைக் காப்பாற்றத்தான் அந்த விதி, அது இருக்கட்டும். கத்தியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருந்தது?

அதே ஜனவரிதான், ஆறு வருடம் முந்தி. 2018. வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு ஞானோதயம். பத்தாவது பாஸ் செய்யாதவன் வளைகுடா மாதிரியான சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடியகல்வு அனுமதி வாங்க வேண்டும் என்பது பழைய சட்டம். பாஸ்போர்ட்டில் அதைக் குறித்திருப்பார்கள். அவன் ஏமாந்துவிடாமல் பாதுகாக்கவாம். குறித்தால் மட்டும் போதுமா? அவனுக்கு ஆரஞ்சு நிற பாஸ்போர்ட் கொடுக்கலாம் என்றார்கள். நமக்கெல்லாம் நீலம், கொத்தனாருக்கு ஆரஞ்சு. பத்தடி தூரத்திலேயே அடையாளம் தெரிய வேண்டும் அல்லவா. கேரளத்திலிருந்து கூச்சல் கிளம்பிய பிறகு, மாதம் முடிவதற்குள் திட்டத்தைக் கைவிட்டார்கள். கைவிட்டதுதான் செய்தியானது. இப்படி ஒரு யோசனை மேஜை மேஜையாக நகர்ந்து, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கி, அறிவிப்பாக வெளியே வருகிறவரைக்கும் ஒரு அதிகாரிக்குக்கூடக் கூசவில்லை என்பது செய்தியாகவில்லை.

அந்த ஆரஞ்சுக்காரனிடம் எந்தக் கோடை மலரும் பிடித்த இடம் கேட்டதில்லை. திருச்சி விமான நிலையத்தில் ராத்திரி போய் நின்று பாருங்கள். அங்கே நிற்கிறவர்கள்தான் இந்த மாநிலத்தின் உண்மையான உலகப் பயணிகள். சரக்கு சுமந்து மாதத்துக்கு இரண்டு தடவை சிங்கப்பூர் போய்வருகிற குருவி அங்கே இருக்கிறார்; உலகம் சுற்றியவர், சாங்கி விமான நிலையத்தையும் செராங்கூன் ரோட்டையும் தாண்டி ஒரு மரத்தைப் பார்த்ததில்லை. துபாய் எல்லாருடைய பட்டியலிலும் உண்டு: 828 மீட்டர் புர்ஜ் கலீஃபா, 124-ஆவது மாடியில் செல்ஃபி. அந்த உயரத்தில் கண்ணாடி வருவதற்கு முன்னால் சாரத்தில் நின்று துபாயைப் பார்த்தவன் சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் இருக்கிறான். சோனாப்பூர் என்றால் தங்க ஊர். பெயர் வைப்பதில் மட்டும் யாரும் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. அவன் பாஸ்போர்ட் கஃபீல் என்கிற முதலாளியின் அலமாரியில். சட்டப்படி அப்படிப் பிடித்து வைக்கக் கூடாது. சட்டப்படி. அவனைப் பார்த்து மட்டும் யாரும் "திரும்பிப் போவாயா?" என்று கேட்பதில்லை. எப்போது விடுவார்கள் என்று அவன்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

கடைசியாக ஒரு இடம். இதற்கு விமானம் வேண்டாம், ராமேஸ்வரம் போகிற ரயிலே போதும். மண்டபம். பாம்பன் பாலத்தைப் படம் எடுக்க எல்லோரும் ஜன்னலுக்கு முண்டியடிப்பார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் வருகிற ஸ்டேஷனுக்குப் பெயரே மண்டபம் கேம்ப். ஒரு காலத்தில் போட் மெயில் என்று ஒரு வண்டி இருந்தது. மெட்ராஸில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில், கொழும்பு. ஒரே டிக்கெட். 1964 புயல் தனுஷ்கோடியைத் தூக்கிக்கொண்டு போகிறவரைக்கும் நடந்தது. தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் ஜனங்களுக்கு அந்த ஜன்னலோர சுகமெல்லாம் இல்லை. நோய் நொடி கொண்டுவந்துவிடப் போகிறார்கள் என்று மண்டபத்தில் இலங்கை அரசு ஒரு தடுப்பு முகாம் வைத்து, அடைத்து, சோதித்து, பிறகு ஏற்றியது. நூறு வருடம் தேயிலை பறித்த பிறகு, சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். வந்தவர்களை எங்கே தங்க வைத்தோம்? மண்டபத்தில். 1983-க்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் போரிலிருந்து உயிர் தப்பிப் படகில் வந்தார்கள், எங்கே? மண்டபத்தில். ஏற்றுமதிக்கும் அதே கொட்டகை, இறக்குமதிக்கும் அதே கொட்டகை.

இன்றைக்கும் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே பத்தாவது பாஸ் செய்து, அங்கேயே கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். வெளியூரில் வேலை பார்த்தாலும் கணக்கெடுப்பு நாளில் முகாமுக்கு ஓடிவந்து முகத்தைக் காட்ட வேண்டும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் பெயரைச் சொல்லி அகதிகளை அரவணைத்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான். கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிற நாலாவது நாடு டெல்லியின் வரைபடத்தில் இல்லை. நம் மாநில அரசும் சும்மா இருக்கவில்லை. 2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி, மறுவாழ்வு முகாம் என்று வைத்தது. சோனாப்பூர் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

நாற்பது வருடமாக இங்கே இருக்கிற ஒரு மனுஷனைப் பார்த்து நாமும் அதே கட்டத்தில்தான் டிக் போட்டுக்கொண்டிருக்கிறோம். வித்தியாசம் ஒன்றுதான். அந்த ஐரோப்பிய நாடு, நான் திரும்பிப் போக மாட்டேனோ என்று பயந்தது. நாம், எப்போது போவீர்கள் என்று கேட்கிறோம், பல்லிளித்துக்கொண்டே, தொப்புள்கொடி உறவு என்று மேடையில் தழுதழுத்துக்கொண்டே.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். நாலு வரி கேட்டதற்கு இவ்வளவு. மறுநாள் அந்தப் பெண் கூப்பிட்டார். கட்டுரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நல்ல வளர்ப்பு.

"சார், லே-அவுட் முடிக்கணும். வெளிநாட்டுல நீங்க நிக்கிற போட்டோ ஒண்ணு..."

"போட்டோ இருக்கும்மா. முப்பத்தஞ்சுக்கு நாப்பத்தஞ்சு. வெள்ளைப் பின்னணி. ஆறு காப்பி மீதி கிடக்கு."

"எந்த இடம் சார் அது?"

"தெப்பக்குளத்துக்குப் பக்கத்துல, ஒரு ஸ்டூடியோ."

"கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருக்கா சார்?"